குங்குமம் வைத்த வேலி

மதினி, உங்களை நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவர் கையில் சீட்டை வைத்துக்கொண்டு உங்கள் பேரை முழுசாக வாசித்தபோது, யாரோ வேறு ஒரு பொம்பளையைக் கூப்பிடுகிறார் என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன்தான் எழுந்து போனார். அதனால் இங்கேயும் மதினி என்றே கூப்பிடுகிறேன். மதினி, அன்றைக்கு வேலியில் ஓட்டை விட்டது நீங்கள் இல்லை. நான்.

இதைச் சொல்வதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் கொல்கத்தாவில் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு ஆபீஸ் கேன்டீனில் சமையல்காரர். சாம்பார், ரசம், தோசை எல்லாம் அவர் பொறுப்பு. கல்யாணம் முடிந்த கையோடு மதினியைத் தென்காசியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் வந்து நாலு வருஷம் ஆகிறது. சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

சால்ட் லேக் முடிகிற இடத்தில் கால்வாய்ப் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் மீன் வளர்க்கிற பெரிய குளங்கள், அதற்கு நடுவே காய்கறித் தோட்டங்கள். பின்னால் திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அங்கே ஒரு பெங்காலிப் பெரியவரிடம் மதினி ஆறு கட்டா, நம் கணக்கில் பத்து சென்ட், நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து ஆடு வளர்த்தார். வெள்ளாடு இல்லை, செம்மறி. இந்தப் பக்கத்துச் செம்மறி நம் ஊர் ஆட்டில் பாதிதான் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு புல் தின்னும். முதல் தடவை பார்த்தபோது மதினி, “இதென்ன, ஆட்டுக்கும் எருமைக்கும் பிறந்ததா?” என்று கேட்டாராம். பதினோரு ஆடுகள். எல்லாவற்றுக்கும் முன்னால் போகிற கிழட்டு ஆட்டுக்கு சூப்பர்வைசர் என்று பேர். தீனியை எண்ணி எண்ணித் தின்பது கேஷியர். அண்ணன் கேன்டீன் கதையைச் சொல்லச் சொல்ல, மதினி அந்தப் பேர்களை ஆடுகளுக்கு வைத்துவிட்டார்.

அந்த வேலியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எதுவுமே கடையில் வாங்கியது கிடையாது. கிழக்குப் பக்கம் முழுக்க அண்ணனின் ஆபீசில் பழசு என்று கழற்றிப் போட்ட மேஜைத் தடுப்புகள். நீலத் துணி போர்த்தியது. யாரோ ஒரு பெண் குண்டூசியில் குத்தி வைத்த பிறந்தநாள் படம்கூட ஒன்றில் அப்படியே இருந்தது. மதினி அதை எடுக்க விடவில்லை. “இருக்கட்டும், ஆடுகளுக்கும் பார்க்க ஆள் வேணும்லா” என்றார். வடக்கே மூங்கில், துர்கா பூஜைப் பந்தல் பிரிக்கிற இடங்களில் பொறுக்கியது. மேற்கே கட்டில் சட்டம், கொசுவலைக் கம்பி, ஒரு கடையின் பெயர்ப்பலகை. தெற்கேதான் மதினிக்கு ரொம்பப் பிடித்த இடம். அங்கே எட்டு பச்சை ஜன்னல்கள் நின்றன.

அந்த ஜன்னல்கள் தெற்குக் கொல்கத்தாவில் டாக்குரியா என்ற இடத்தில் இடித்த ஒரு பழைய வீட்டினுடையவை. மரச்சட்டத்தில் சின்னச் சின்னப் பலகைகளைச் சாய்த்து அடுக்கியிருப்பார்களே, கொல்கத்தாவின் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், அது. மதினி பஸ்ஸில் போகும்போது அந்த வீட்டை இடிப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே இறங்கிவிட்டார். மறுநாள் ஒரு பெரிய சட்டி நிறையப் புளியோதரை கிண்டிக்கொண்டு போய் இடிக்கிற ஆட்களுக்குப் போட்டார். பெங்காலியில் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதையும் தென்காசி ராகத்தில்தான் பேசுவார். அவர்கள் சிரித்துக்கொண்டே ஜன்னல்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மிதிவண்டி வேனில் அடுக்கி, மேலே மதினி உட்கார்ந்துகொண்டு, டாக்குரியாவிலிருந்து பைபாஸ் வழியாக அவ்வளவு தூரமும் வந்தார். சாமி ஊர்வலம் வருகிற மாதிரி இருந்தது. நான் பாலத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு.

மதினியின் குணம் என்ன என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். எதையும் தன் உடம்பில் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். பாலைக் காய்ச்சினால் முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். எனக்குப் புதுச் செருப்பு வாங்கினால் முதலில் தான் போட்டு நாலு அடி நடப்பார். அவர் கால் சின்னது. இருந்தாலும் நடப்பார். வேலியில் ஒரு கட்டு போட்டு முடித்ததும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே அண்ணனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, ஆடு மாதிரி நாலு காலில் நிற்பார். பிறகு நெற்றியால் முட்டுவார். மெதுவாக இல்லை, நிஜமாகவே முட்டுவார். வேலி ஆடாமல் நின்றால், நாக்கை நீட்டி அந்தக் கட்டையை நக்கிப் பார்ப்பார்.

ஏன் நக்குகிறீர்கள் என்று கேட்டேன்.

“உப்பு இருந்தா ஆடு விடாது தம்பி. கட்டில் சட்டத்துல எத்தனை பேரு வேர்வை ஊறியிருக்கும். நக்கி நக்கியே கயித்தை அறுத்துரும். ஆடு செய்யப்போறதை நான் மொதல்ல செஞ்சிட்டேன்னா, அதுக்குச் செய்யுததுக்கு ஒண்ணும் இருக்காதுல்லா.”

மதினி ஸ்டிக்கர் பொட்டு வைக்க மாட்டார். குங்குமம்தான். அதனால் முட்டின இடத்தில் எல்லாம் குங்குமம் ஒட்டியிருக்கும். மூங்கிலில், கட்டில் சட்டத்தில், பச்சை ஜன்னலில் எல்லாம் ஆட்டின் தலை உயரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். அது தற்செயலாக வந்த பழக்கம். அப்புறம் அதுவே கணக்காகிவிட்டது. சாயங்காலம் வேலியைச் சுற்றி வரும்போது பொட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இருந்தால் முட்டியாகிவிட்டது. இல்லாவிட்டால் குனிந்துவிடுவார். முட்டி முட்டி நெற்றி வெறுமையாகிவிடும் என்பதால் தீவனக் கொட்டகையில் ஒரு குங்குமச் சிமிழ் வைத்திருந்தார். வீட்டுக்குக் கிளம்புமுன் புதிதாக வைத்துக்கொள்வார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் காலிஃபிளவர் போட்டிருந்தார். மதினி அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்பார். அவர் மதினியைப் பௌதி என்பார். பெங்காலியில் பௌதி என்றால் மதினிதான். பால்காரர், வேன்காரர், குளத்தில் வலை போடுகிறவர் எல்லாருமே பௌதிதான். மதினி ஒருநாள், “ஊரு பூரா கொழுந்தன்மாரு. ஒருத்தனாவது வந்து ஒரு மூங்கிலைப் பிடிச்சானா பாரு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அது எனக்குத்தான். நான் போய்ப் பிடித்தேன்.

பிடித்தேனே தவிர, ஒருநாளும் நான் முட்டியதில்லை. வெட்கம். பாலத்தின் மேல் எப்போதும் ஆட்கள் போவார்கள். ஒருநாள் என்னோடு டெலிவரி செய்கிற பையன் ஒருவன், மதினி முட்டுவதைப் பாலத்தில் நின்று போனில் எடுத்திருக்கிறான். நாங்கள் ஆர்டருக்காக ஒரு ஓட்டல் வாசலில் நிற்கும்போது எல்லாருக்கும் காட்டினான். சிரித்தார்கள். உன் ஆடுகள் இருக்கிற பக்கம்தானே, யார் இந்தப் பொம்பளை என்று கேட்டான். தெரியாது, யாரோ பைத்தியம் போல என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனால் மதினி எனக்கு என்று தனியாக மீன் எடுத்து வைத்திருந்தார். தலை முழுசும் எனக்கு. சாப்பிட்டேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள். மேற்கு மூலையில் அந்தப் பெயர்ப்பலகை சாய்ந்துவிட்டது. மதினி கேன்டீனில் அண்ணனுக்கு உதவப் போக வேண்டியிருந்தது. அன்று ஏதோ பெரிய சாப்பாடு. கிளம்பும்போது என்னிடம், “தம்பி, பலகையை எடுத்துட்டு மூங்கில் துண்டை வச்சுக் கட்டிரு. கட்டுனதும் முட்டிப் பாத்துரு, என்ன? மறந்துராத” என்றார்.

சரி என்றேன்.

அன்று பார்த்து அந்த டெலிவரிப் பையன்கள் இரண்டு பேர் ஆடு பார்க்க வருகிறோம் என்று கூடவே வந்துவிட்டார்கள். மூங்கிலை அறுத்து, அளந்து, கட்டுவதற்குப் பொறுமை இல்லை எனக்கு. கொட்டகைக்குப் பின்னால் பூஜைப் பந்தலிலிருந்து மதினி கொண்டுவந்து போட்டிருந்த ஒரு தட்டி கிடந்தது. கோயில் சுவர் மாதிரி செய்தது. பார்த்தால் அப்படியே கருங்கல். விரலால் தட்டினால் டொக் டொக் என்றது. மூலைக்குச் சரியாகப் பொருந்தியது. நாலு கட்டுப் போட்டேன், முடிந்தது.

முட்டவில்லை. அந்தப் பையன்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் நாலு காலில் நிற்பதற்கு என்னால் ஆகவில்லை. அவர்கள் போன பிறகாவது செய்திருக்கலாம். நேரமும் இருந்தது. அதற்குப் பதிலாக நான் கொட்டகைக்குப் போய், சிமிழைத் திறந்து, கட்டைவிரலில் குங்குமத்தைத் தொட்டு, அந்தத் தட்டியில் ஆட்டின் தலை உயரத்தில் ஒரு தீற்றுத் தீற்றிவிட்டேன்.

மதினி இருட்டிய பிறகுதான் வந்தார், போன் வெளிச்சத்தில் பொட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டே சுற்றினார். மேற்கு மூலையில் நின்றார். பொட்டைப் பார்த்துவிட்டு என் தலையைப் பிடித்து நெற்றியைத் தடவிப் பார்த்தார். “அட, கொழுந்தனாரும் முட்ட ஆரம்பிச்சிட்டாரே. வலிச்சுதா?” என்றார். லேசாக என்றேன். அண்ணனிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று இரண்டு பேரும் என்னைக் கேலி செய்துகொண்டே சாப்பிட்டார்கள்.

அந்தத் தட்டி கருங்கல்லும் இல்லை, பலகையும் இல்லை. மூங்கில் சிம்பில் சாக்கை இழுத்துக் கட்டி, பழைய பேப்பரை மைதாப் பசையில் ஊற வைத்து அடுக்கடுக்காக ஒட்டி, மேலே பெயின்ட் அடித்தது. பந்தலில் எல்லாமே அப்படித்தான். ஒரே ஒரு தடவை நாக்கை வைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

விடியும்போது பட்டியைத் திறப்பது என் வேலை. பனி மூட்டமாக இருந்தது. பனியில் ஊறிய தட்டியை ஆடுகள் நக்கி நக்கி, பேப்பரைக் கிழித்துத் தின்று, சாக்கையும் கடித்து, நடுவில் ஒரு ஆள் நுழைகிற மாதிரி ஓட்டை போட்டிருந்தன. பதினோரு ஆடும் தாதாவின் காலிஃபிளவர் பாத்தியில் நின்றன. சூப்பர்வைசர் ஒரு பூவை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

நான் விரட்டி உள்ளே விட்டேன். ஆடு திரும்பி வந்துவிட்டது, பாத்தி போனதற்குத் திட்டு விழும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். திட்டு எனக்கு விழக்கூடாது. அது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது. முட்டியதாகச் சொன்னது பொய் என்று மதினிக்குத் தெரிந்துவிடும். தட்டியை அவிழ்த்துக் கால்வாயில் போட்டேன். மூங்கில் துண்டை வைத்து மூலையைக் கட்டி, சிமிழிலிருந்து ஒரு பொட்டும் தீற்றினேன். அப்படியானால் ஆடு எப்படி வெளியே போனது? ஒரு வழி வேண்டுமே. தெற்குப் பக்கம் போய், பச்சை ஜன்னல் ஒன்றின் அடிப்பலகைகள் ஐந்தைக் கல்லால் அடித்து உடைத்தேன். லேசில் உடையவில்லை. பழைய தேக்கு. சட்டத்தில் மதினியின் குங்குமம் இருந்தது. அதன் மேல் கை படாமல் அடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கேஷியரின் வாயில் நுரை வந்தது.

முதல்நாள் சாயங்காலம் தாதா பூச்சிமருந்து அடித்திருக்கிறார். நான் போனில் சொன்னதும் மதினி ஓடி வந்தார். அடுப்புக்கரியை இடித்துத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொன்றின் வாயையும் தன் முழங்காலில் தூக்கி வைத்து ஊற்றினார். நானும் பிடித்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் ஐந்து செத்துவிட்டன. அதில் இரண்டு சினை. தாதா தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மருந்து அடித்ததைப் பௌதியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு என்று அழுதார். மதினி, உங்கள் பயிரை என் ஆடு அழித்துவிட்டது, என் தப்பு என்றார். அண்ணன் வந்து, நேற்று உன்னைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டது என் தப்பு என்றார். எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை.

பிறகு மதினி எழுந்து வேலியைச் சுற்றினார். தெற்கே வந்து அந்த ஜன்னல் முன்னால் குந்தினார். உடைந்த பலகையை எடுத்துப் பார்த்தார். மேலே சட்டத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பொட்டு இருக்கு தம்பி. அப்போ நான் முட்டியிருக்கேன். சரியா முட்டல.”

பழைய மரம்தானே மதினி, செல் அரித்திருக்கும் என்றேன். அந்த வாயால் அதையும் சொன்னேன். ஆடு முட்டி உடைகிற கட்டை இல்லை அது. கையில் பிடித்துப் பார்த்த யாருக்கும் தெரியும். மதினிக்குத் தெரியாதா? ஆனால் என்மேல் சந்தேகப்படுவது அவருக்குத் தோன்றவே இல்லை. தன் நெற்றியைத்தான் சந்தேகப்பட்டார்.

தாதாவோடு சேர்ந்து இரண்டு நாள் அந்தப் பாத்தியில் புது நாற்று நட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு கட்டை மூன்று தடவை, நாலு தடவை முட்ட ஆரம்பித்தார். நெற்றி வீங்கியிருக்கும். பஸ் ஏறப் போனவர் பாதியில் திரும்பி ஓடுவார். பொட்டைப் பார்த்தால் போதும் என்பது போய், பொட்டு இருக்கிற இடத்தையும் மறுபடி முட்டினார். அண்ணன் சத்தம் போட்டார். “எம் பொட்டை நானே நம்ப முடியல, நான் என்ன செய்ய” என்றார். இதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். சித்திரை முடிவதற்குள் மீதி ஆறு ஆட்டையும் தாதாவிடம் கொடுத்துவிட்டார். இனி என் கையில் ஒரு உசுரை வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது என்றாராம். தாதாதான் என்னிடம் சொன்னார். அப்போதும் நான் பேசவில்லை.

மழைக்காலத்தில் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். எங்கள் தெருவில் நாலு வீட்டில் இருந்தது. நாலாவது நாள் ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். மதினி கண்ணைத் திறந்தார்.

“தம்பி, அந்த ஜன்னல்ல நான் மேல முட்டிட்டேனோ? கீழ முட்டியிருக்கணும், என்ன?”

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. உலகத்திலேயே என் ஒருவனிடம்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். இந்த நேரத்தில் சொன்னால் தாங்குவாரா என்று நினைத்தேன். அதுவும் பொய்தான். என் முகத்தை அவர் எப்படிப் பார்ப்பார் என்றுதான் பயந்தேன். தூங்குங்க மதினி என்று சொன்னேன். சரி என்று கண்ணை மூடினார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அண்ணன் பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டல் வாசலில் பைத்தியம் என்று சொன்னதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு சட்டியையே ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து, எங்கன விட்டேன், எங்கன விட்டேன்னு கேப்பா. நான் அதட்டிப் படுக்கப் போடுவேன். அடுத்த ரூம்லதான நீ படுத்துக் கெடந்த. ஒரு வார்த்தை வரலையால உனக்கு?”

தேய்த்த சட்டியை வாங்கக் கை நீட்டினேன், அண்ணன் தரவில்லை.

“எங்கிட்ட சொல்லிட்ட. சரி. நான் இதை யார்கிட்ட போய்ச் சொல்ல?”

அதன் பிறகு அண்ணன் என்னோடு அதிகம் பேசுவதில்லை. சோறு மட்டும் போடுகிறார். யாரிடம் போய்ச் சொல்ல என்று அவர் கேட்டது எனக்குள்ளேயே கிடந்தது. அதனால்தான் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

எனக்குச் சாமி கும்பிடச் சரியாகத் தெரியாது. இரண்டு மூன்று தடவை கை கூப்பிப் பார்த்தேன். வாயில் மன்னிப்பு என்றுதான் வருகிறது. அது எனக்காகக் கேட்பது. மதினிக்காக என்னால் கேட்க முடியவில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. விளக்கேற்றும்போது, தொழும்போது, பஸ்ஸில் ஒரு கோயிலைக் கடக்கும்போது, என் மதினியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பேர் தெரியவில்லையே என்று யோசிக்க வேண்டாம், மதினி என்று சொன்னாலே போதும். என்னைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். அவர் எங்கே இருந்தாலும் இனி எழுந்து உட்காராமல் தூங்க வேண்டும் என்று கேளுங்கள். கொழுந்தன் ஒத்துக்கொண்டான், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்கிற செய்தி அவர் காதில் விழ வேண்டும் என்று, தயவுசெய்து எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.